குயின்ஸ் தெருவில் ஒரு கார் நிற்கிற இடம்

1

ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்கள் எல்லோரும் என்னிடம் குளிரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பனி எவ்வளவு உயரம் விழும், குழாயில் தண்ணீர் உறைந்துவிடுமா, மூக்கில் ரத்தம் வருமா. பிறகு சுற்றி வளைத்துச் சம்பளத்தைப் பற்றி ஒரு கேள்வி. இருபத்து மூன்று வருடத்தில் ஒருவர்கூட "காரை எங்கே நிறுத்துகிறீர்கள்" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்த நாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்திருப்பேன்.

நான் இருப்பது நியூயார்க்கில் குயின்ஸ் என்ற பகுதி. காலண்டர் படத்தில் பார்க்கிற வானளாவிய கட்டடமெல்லாம் இங்கே கிடையாது. ஆறு மாடிச் செங்கல் கட்டடங்கள், ஓரத்தில் மரங்கள், மரத்தடியில் விரல் நுழைய இடமில்லாமல் கார்கள். ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே இயந்திரம் பழுதுபார்ப்பது என் வேலை. கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுரங்க ரயிலில் ஏறி இறங்க என் முதுகு ஒத்துக்கொள்ளாது, அதனால் கார் வாங்கினேன். கார் வாங்கின அன்று என் சாயங்காலங்கள் செத்தன. வேலை முடிந்து வந்து வீட்டைச் சுற்றியுள்ள எட்டுத் தெருவையும் வலம் வருகிறேன். இத்தனை சுற்று நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியிருந்தால் இந்நேரம் எனக்கு மோட்சமே கிடைத்திருக்கும். இங்கே கிடைப்பது கழுத்து வலி.

எங்கள் வாசலில் ஒரு கம்பம் இருக்கிறது. அதில் ஐந்து பலகைகள். செவ்வாயும் வெள்ளியும் காலையில் ஒன்றரை மணி நேரம் இந்தப் பக்கம் நிறுத்தக் கூடாது, தெருக் கூட்டும் வண்டி வரும். எதிர்ப் பக்கத்துக்குத் திங்களும் வியாழனும். பள்ளிக்கூட நாளில் ஒரு அம்புக்குறி இடது பக்கம் போகும், மற்ற நாளில் வலது பக்கம். ஐந்தாவது பலகையை மரக்கிளை மறைக்கிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இது போதாதென்று தீயணைப்புக் குழாய் என்று ஒரு குட்டை இரும்புக் குழாய். அதிலிருந்து பதினைந்து அடி தள்ளி நிறுத்த வேண்டும். அந்தப் பதினைந்து அடி எங்கே முடிகிறது என்று தரையில் ஒரு கோடு போட்டால் என்ன? போட மாட்டார்கள். கோடு போட்டால் எவன் அபராதம் கட்டுவான்.

என் மனைவி இசக்கியம்மாள் நான் எழுதுகிற எதையும் படிப்பதில்லை. "எழுதப்போறதத்தான் நெதமும் காதுல கேக்கேனே, அப்புறம் எதுக்குப் படிக்கணும்" என்பாள். அது ஒருவிதத்தில் எனக்கு வசதி.

2

செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் தெருவைப் பார்க்க வேண்டும். படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், சொந்த வீடு உள்ளவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு காருக்குள் உட்கார்ந்திருப்பார்கள். எங்கும் போவதற்கல்ல. கூட்டும் வண்டி வரும்போது காரை எடுத்து, வண்டி போனதும் அதே இடத்தில் திரும்பச் சொருகுவதற்கு. முன் வீட்டு வக்கீல் காருக்குள் பல் தேய்ப்பார். மூன்றாம் மாடிக் கிழவி உல்லன் பின்னுவாள். நான் அவரைக்காய் நார் உரிப்பேன். இசக்கி கூடையைக் கையில் கொடுத்துத்தான் அனுப்புவாள். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தும் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து ஒரு தலையசைப்பு, ஒரு சிரிப்பு கிடையாது. எப்படிச் சிரிப்பார்கள், எல்லோரும் எதிரிகள். நான் கொஞ்சம் தாமதித்தால் என் இடத்தைக் கொத்திக்கொண்டு போகிறவர் அந்தப் பல் தேய்க்கிற வக்கீல்தான்.

அப்புறம் அந்த வண்டி வரும். நம்மூர்ச் சாக்கடை அள்ளுகிற வண்டிக்குப் பெரியப்பா மாதிரி ஒரு உருவம், அடியில் உருளை பிரஷ். இலையை இந்த ஓரத்திலிருந்து தள்ளி அந்த ஓரத்தில் போட்டுவிட்டுப் போகும். இதற்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம். ஒரு ஆளிடம் ஒரு தென்னை விளக்குமாற்றைக் கொடுத்தால் காரை அசைக்காமலே கூட்டிவிடுவான். இதை ஒருதரம் கூட்டும் வண்டி டிரைவரிடமே சொன்னேன். அவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

இங்கே இன்னொரு சாதித் தமிழர்கள் உண்டு. புறநகரில் வீடு வாங்கி, இரண்டு கார் நிற்கிற கொட்டகை வைத்திருப்பவர்கள். பொங்கல் விழாவில் கையில் பாயசக் கிண்ணத்தோடு என்னிடம் வந்து, "இன்னுமா சார் தெருவுல நிறுத்துறீங்க" என்பார்கள், ஏதோ நான் தெருவில் படுத்துத் தூங்குகிற மாதிரி. அந்தக் கொட்டகைக்குள் போய்ப் பார்த்திருக்கிறேன். உள்ளே பழைய சோபா, உடைந்த சைக்கிள், அரிசி மூட்டை. கார் வெளியில் நிற்கும். இவர்களிடம் என்ன பேச.

3

ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது என்று யாரும் கேட்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன்.

போன தடவை வந்தபோது என் கூட்டாளி முருகையாவின் காரைக் கடன் வாங்கிக்கொண்டு டவுணுக்குள் போனேன். முருகையாவுக்குக் கீழ ரத வீதியில் பாத்திரக் கடை. என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன், என்னை வைதால் மட்டுமே அவனுக்குச் சாப்பாடு இறங்கும். அவனும் கூட வந்திருந்தான். வடக்கு ரத வீதியில் ஒரு துணிக்கடைக்கு முன்னால் இடம் இருந்தது. நான் காரை நிறுத்திவிட்டு மேலும் கீழும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னலே தேடுத?"

"போர்டு எதுவும் இருக்கான்னு பாக்கேன்."

"எதுக்குப் போர்டு? எடம் இருக்குல்லா. போட்டுட்டு வா."

அரை மணி கழித்துத் திரும்பி வந்தால் என் காருக்கு முன்னால் ஐந்து பைக், பின்னால் ஒரு கொய்யாப்பழ வண்டி. கடை வாசலில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வண்டி உம்மதா வே? சாவியக் கடைல குடுத்துட்டுப் போகக் கூடாதா? கண்ணாடியயாவது மடக்கி வச்சிருக்கலாம்லா" என்று எனக்கே பாடம் நடத்திவிட்டு, ஐந்து பைக்கையும் இடுப்பால் தள்ளித் தள்ளி ஒதுக்கினார். ஒன்றும் பூட்டியிருக்கவில்லை. டவுணில் பைக்கைப் பூட்டுகிறவனை எல்லோரும் வைவார்கள், அடுத்தவன் நகர்த்த வேண்டாமா. கொய்யாப்பழக்காரர் வண்டியை எடுப்பதற்குக் கூலியாக அரைக் கிலோ என் தலையில் கட்டினார்.

ஊரை மெச்சுவதற்காக இதைச் சொல்லவில்லை. அதே தெருவில் ஒரு ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டே நின்றதையும் பார்த்தேன். முன்னால் நின்ற காரின் சொந்தக்காரன் பைய அல்வாவைத் தின்று, விரலை நக்கி, கையைக் கழுவிவிட்டு வந்து எடுத்தான். ஒரு துளி வெட்கம் கிடையாது. குறுக்குத்துறையில் இன்னும் மோசம், ஆற்றுக்குள்ளேயே லாரியை இறக்கி நிறுத்திக் கழுவுகிறார்கள், தாமிரபரணி என்னவோ அவர்களுடைய அப்பா கட்டிய தொட்டி மாதிரி. அந்த ஊரிலேயே ஒழுங்காக நிறுத்தப்பட்ட வண்டி ஒன்றுதான் உண்டு. அது நெல்லையப்பர் தேர். வருஷம் முழுக்கத் தேரடியில் நிற்கிறது. ஆனி மாதம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே இடத்துக்குத் திரும்பிவிடும், அந்த இடத்தை எவனும் பிடிக்க முடியாது.

இதைச் சொன்னபோது முருகையா சொன்னான்: "ஏலே, அமெரிக்கா போயி காருக்குக் காவக்காரன் வேலை பாக்க. அதுக்கு இங்கனயே தேருக்குக் காவல் இருந்திருக்கலாம்லா. தேங்காமூடியாவது கெடைக்கும்."

4

எங்களுக்கு ஒரே பெண், காந்திமதி. டவுணில் பிறந்த பிள்ளைக்கு நெல்லையப்பர் கோயில் அம்மன் பேரை வைத்தோம். மூன்று வயதில் இங்கே தூக்கிக்கொண்டு வந்தோம். இப்போது ஆபீசில் அவளைக் கேண்டி என்கிறார்கள். மிட்டாய் என்று அர்த்தம். அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

அவள் முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தது புத்தகத்தில் அல்ல, எங்கள் வாசல் கம்பத்தில். அ, ஆ சொல்லிக்கொடுக்க இசக்கி தலைகீழாக நின்று பார்த்தாள், நடக்கவில்லை. ஆனால் ஐந்து வயதில் அந்தப் பலகைகளைக் கடகடவென்று ஒப்பிப்பாள். நான் இடம் தேடிச் சுற்றும்போது பின் சீட்டில் முழங்கால் போட்டு நின்றுகொண்டு, "அப்பா, அந்த மாமா கைல சாவி வச்சிருக்காங்க" என்பாள். "அப்பா, அங்க வெள்ள லைட்டு எரியுது, பின்னால வரப்போறாங்க" என்பாள். நடையைப் பார்த்தே அவர் காரை எடுக்கப் போகிறவரா, பாலை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிறவரா என்று சொல்லிவிடுவாள். என் காலத்தில் நான் பிடித்த நல்ல இடங்களில் பாதி அவள் பிடித்துக் கொடுத்தது.

படித்து முடித்தாள், விளம்பரக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், எங்களிடமிருந்து ஒரு மணி நேர தூரத்தில், தனியாக வீடு எடுத்துக்கொண்டாள். பெண் பிள்ளை ஒரே ஊரில் இருந்துகொண்டு தனி வீடு எடுப்பது இங்கே சாதாரணம், கேட்டால் நாம்தான் காட்டுமிராண்டி. முதலில் ஞாயிறுதோறும் வந்தாள். பிறகு மாதம் ஒருமுறை. கடைசியாக எங்கள் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டது போன வருட ஆவணியில். அன்று நான் வழக்கம்போல மேயரிலிருந்து ஆரம்பித்து, அவள் கம்பெனி, அவள் சிநேகிதர்கள், அவள் குடியிருக்கிற பேட்டை வரைக்கும் ஒரு சுற்று வந்தேன். சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தவள், "அப்பா, இங்க இருக்கற ஒரே ஒரு நல்ல விஷயம் சொல்லுங்க" என்றாள். யோசித்துப் பார்த்து, "கொசு கொஞ்சம் கம்மி" என்றேன். அவள் சிரிக்கவில்லை. நல்ல பதில்தான் அது, இப்போதும் சொல்கிறேன்.

அதற்கப்புறம் அவள் வர நினைத்த மூன்று தடவையும் இந்தப் பாழாய்ப்போன தெரு அவளை உள்ளே விடவில்லை. இசக்கியின் பிறந்தநாளுக்கு வந்தாள். இடம் கிடைக்காமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, போன் செய்து சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள். பொங்கலுக்கும் அதே கதை. சித்திரையிலும் அதே கதை. இசக்கி ஒவ்வொரு தடவையும் தேங்காய்ப்பாலில் சொதி வைத்து, இஞ்சிப் பச்சடி அரைத்து, ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்து, கடைசியில் எல்லாவற்றையும் டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் அடுக்குவாள். "ரயில்ல வரச் சொல்லுங்களேன்" என்றாள் ஒருநாள். ரயிலில் வந்தால் மூன்று இடத்தில் மாறணும், வேலை பார்த்துக் களைத்த பிள்ளை என்று நான்தான் அவளை அடக்கினேன்.

பிள்ளையைக் குறை சொல்ல என்ன இருக்கிறது. பெற்றவர்களைப் பார்க்க வருகிறவளுக்குக் காரை நிறுத்த ஒரு இடம் இல்லாத ஊர் ஒரு ஊரா. சந்திரனுக்கு ஆள் அனுப்பின நாடாம். அங்கேயாவது நிறுத்த இடம் இருந்திருக்கும்.

அதனால் இந்தத் தீபாவளிக்கு ஒரு முடிவு எடுத்தேன். எங்கள் வாசலுக்கு நேர் முன்னால் என் காரை நிறுத்தி இடத்தைப் பிடித்து வைப்பது. அவள் வரும் நேரத்துக்கு என் காரை எடுத்துவிட்டு அந்த இடத்தை அவளுக்குக் கொடுப்பது. போனில் சொன்னேன். "சரிப்பா, வாறேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே அந்த இடம் எனக்கு அகப்பட்டது. இசக்கி மாவு அரைக்க ஆரம்பித்தாள்.

5

இந்த நகராட்சி நம் தீபாவளியைக் கௌரவிக்கிறது. எப்படி என்று கேளுங்கள். பட்டாசு வெடிக்கக் கூடாது, ஆபீசுக்கு லீவு கிடையாது. ஆனால் அன்றைக்குத் தெருக் கூட்டுகிற விதி மட்டும் ரத்து. காரை நகர்த்த வேண்டாம். நரகாசுரனைக் கொன்றதற்கு ஊர் கொடுக்கிற பரிசு இது. பேப்பரில் இதைப் பெருமையாகப் போடுவார்கள். நம் சங்கத்துத் தலைவர்கள் அதை வெட்டி முகநூலில் போட்டு நன்றி தெரிவிப்பார்கள்.

நமக்குத் தீபாவளி இந்த வருடம் செவ்வாய்க்கிழமை. விடியற்காலையில் எழுந்து தலையில் நல்லெண்ணெய் ஊற்றி அழுத்தித் தேய்த்துக்கொண்டேன். காரைப் பற்றிக் கவலை இல்லை, இன்றைக்குத்தான் ரத்தாயிற்றே. இசக்கி வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய் ஊறட்டும் என்று ஜன்னலோரம் நின்றேன். கீழே தெருவில் எல்லாரும் காருக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். வக்கீல் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறார். என் காருக்கு முன்னால் சீருடையில் ஒருத்தி நின்று கையிலிருந்த கருவியில் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறாள்.

இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடு ஓடினேன். மேலே ஒரு துண்டு மட்டும். தலையிலிருந்து எண்ணெய் கண்ணுக்குள் இறங்குகிறது.

"இன்றைக்குத் தீபாவளி" என்றேன் இங்கிலீஷில்.

"தீபாவளி நாளைக்கு, சார்" என்றாள் அவள், தலை நிமிராமல்.

அவள் கயானா நாட்டுக்காரி. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேற்றிக் கொண்டுபோகப்பட்டவர்களின் வம்சம், எங்கள் பகுதியில் நிறையப் பேர் உண்டு. கழுத்தில் ஓம் டாலர் தொங்குகிறது. அவள் அம்மா நாளைக்குத்தான் விளக்கேற்றுகிறாளாம். நகராட்சி அறிவிப்பிலும் நாளைக்குத்தானாம். போனைத் திறந்து காட்டினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வடக்கத்தியார் கணக்குப்படி அமாவாசை ராத்திரி தீபாவளி, நமக்கு அதற்கு முந்தின சதுர்த்தசி விடியல். சில வருடம் இரண்டும் ஒரே நாளில் விழும், சில வருடம் விழாது. நகராட்சியின் தீபாவளி வடக்கத்தித் தீபாவளி. இத்தனை வருடம் இங்கே குப்பை கொட்டியும் எனக்கு இது புத்தியில் ஏறவில்லை.

நரகாசுரனிலிருந்து ஆரம்பித்துச் சதுர்த்தசி வரைக்கும் அவளுக்கு விளக்கினேன். எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்பதே அத்தாட்சி என்று தலையைக் குனிந்து காட்டினேன். அவள் முழுக்கக் கேட்டாள். பையிலிருந்து ஒரு காகிதக் கைக்குட்டை எடுத்து, "கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுத்தாள். கூடவே அபராதச் சீட்டையும் கொடுத்தாள். "ஹாப்பி தீபாவளி, அங்கிள்" என்றும் சொன்னாள். இதில் இன்னொரு கூத்து. எங்கள் தெருவில் புதன்கிழமை கூட்டுவதே கிடையாது. நகராட்சி எனக்குக் கொடுத்த சலுகை, இல்லாத விதியை ரத்து செய்கிற சலுகை.

மேலே ஜன்னலில் இசக்கி. "ஊர்ப்பட்ட சனம் பாக்கு, தலைல எண்ணெயோட நடுத்தெருவுல நின்னு வழக்கு பேசுதிய. மேல வாங்க, தண்ணி ஆறுது."

கூட்டும் வண்டி வந்தது. காரை எடுத்து, போனதும் அதே இடத்தில் சொருகினேன். இனி வெள்ளிக்கிழமை வரை அந்த இடம் என்னுடையது. குளித்துவிட்டுக் காந்திமதிக்குப் போன் போட்டேன்.

"அப்பா, இன்னைக்கு எனக்கு மீட்டிங். நாளைக்குத்தானே தீபாவளி? எங்க காலண்டர்ல நாளைக்குத்தான் போட்டிருக்கு. நாளைக்கு லீவு எடுத்திருக்கேன்."

"நாளைக்கு வடக்க உள்ளவங்களுக்குட்டி. நமக்கு இன்னைக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானேப்பா."

ஒன்றல்ல. ஆனாலும் சரி என்றேன். பிள்ளை வருகிற நாள் தீபாவளி என்று வைத்துக்கொண்டால் போகிறது என்று இசக்கியும் சொன்னாள். அன்று நாங்கள் இரண்டு பேரும் தோசை சாப்பிட்டோம். பலகாரத்தை எடுத்து வைத்துவிட்டோம்.

6

புதன்கிழமை கூட்டுகிற பக்கத்துத் தெருக்களிலும் விதி ரத்தானதால் ஒருவனும் காரைத் தொடவில்லை. மற்ற நாளிலாவது கூட்டுகிற நேரத்தில் நாலு வண்டி கிளம்பும். அன்று எட்டுத் தெருவிலும் ஒரு சைக்கிள் சொருக இடமில்லை. தீபாவளியைக் கௌரவித்த லட்சணம். போகட்டும், என் இடம் என்னிடம் இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

பதினோரு மணிக்குக் கிளம்பிவிட்டதாகக் காந்திமதியிடமிருந்து தகவல் வந்தது. இசக்கியைக் கீழே கூட்டிவந்து இடத்தில் நிற்க வைத்தேன். புதுச் சேலை கட்டி மேலே குளிர்ச்சட்டை மாட்டி, கைகளை விரித்துக்கொண்டு கோழிக்குஞ்சைக் காக்கிறவள் மாதிரி நின்றாள். நான் காரை எடுத்துக்கொண்டு போய்க் காசு வாங்குகிற நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு வேகமாக நடந்து வந்தேன். அங்கே விட எனக்குக் கசந்தது, ஆனால் ஒருநாள் கூத்து. இசக்கியை வடை சுட மேலே அனுப்பிவிட்டு நான் நின்றேன்.

ஆள் நின்று இடம் பிடிப்பது இங்கே குற்றம். அது எனக்குத் தெரியும், போகிற வருகிறவனுக்கெல்லாமும் தெரிந்திருந்தது. ஒரு வேன்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே நின்றான். நாயோடு போன ஒரு பெண் இது சட்டவிரோதம் என்று நின்று விளக்கினாள். என் மகள் வருகிறாள் என்றேன். எல்லோருக்கும் மகள் உண்டு என்றாள். இப்படிப்பட்ட ஜனங்கள். நான் காலை அகட்டி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன்.

எங்கள் தெரு ஒருவழித் தெரு. உள்ளே வருகிற எந்தக் காரும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். காந்திமதியின் சின்ன நீலக் காரை எனக்கு ஒரு பர்லாங் தூரத்திலேயே தெரியும், வாங்கும்போது கூடப் போனவன் நான். ஒவ்வொரு காராகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டு ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. "வந்துட்டாளா?" என்று இசக்கி இரண்டு தடவை ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "வாறா, வாறா" என்றேன். கைவிரல் மரத்துவிட்டது. ஒரு சாம்பல் நிறக் கார் கொஞ்சம் தள்ளி விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, நான் எப்போது அலுப்பேன் என்று காத்துக்கொண்டிருந்தது.

போன் அடித்தது.

"அப்பா, ஸாரிப்பா. உங்க தெருவ மூணு தடவ சுத்திட்டேன். பக்கத்துத் தெரு எல்லாம் பாத்துட்டேன். இடமே இல்லப்பா."

நான் நின்றுகொண்டிருந்த இடத்தைப் பார்த்தேன். நல்ல அகலம். பின்னால் எடுக்காமல் நேராக உள்ளே விடலாம்.

"இப்ப எங்கன நிக்க?"

"உங்க கார்னர்லதான். சிக்னல்ல."

மூலையில் சிக்னல் தெரிந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூட பஸ் மட்டும் நின்றது. போனுக்குள் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. யாரோ தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். யாரோ சிரித்தார்கள், அவள் போனைப் பொத்திக்கொண்டு அவர்களிடம் ஏதோ சொன்னாள்.

என் வாய் எப்படிப்பட்டது என்று இவ்வளவு தூரம் படித்தவர்களுக்குத் தெரியும். அந்த வாயைப் புறங்கையால் அழுத்திப் பொத்திக்கொண்டேன். இசக்கியின் பிறந்தநாளும், பொங்கலும், சித்திரையும் ஒவ்வொன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தன. அழுகை வந்தது, அதை எந்த ஊரின் பேரைச் சொல்லி வைவது என்று தெரியவில்லை.

"அப்பா? கேக்குதா?"

"கேக்கும்மா. ஆமா, இன்னைக்கு எவனும் வண்டிய எடுக்கல. நீ எம்புட்டு நேரந்தான் சுத்துவ."

"நீங்க இடம் புடிச்சு வைக்கறேன்னு சொன்னீங்களே, அங்க இல்லையா?"

அவளுக்கு அதைக் கேட்க வேண்டியிருந்தது. கேட்காவிட்டால் நான் சந்தேகப்படுவேன் என்று நினைத்திருப்பாள்.

"புடிச்சுதான் வச்சிருந்தேன். ஒருத்தன் சொருகிட்டான்."

தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. பிறகு, "பரவால்லப்பா, அடுத்த வாரம் வாறேன்" என்றாள்.

"வா. பைய ஓட்டிட்டுப் போ. அம்மாட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

நான் நடைபாதையில் ஏறினேன். சாம்பல் நிறக் கார் ஒரே வீச்சில் உள்ளே வந்தது. ஓட்டினவன் கையைத் தூக்கி நன்றி சொன்னான்.

மேலே போனேன். இசக்கி கையில் உளுந்த மாவோடு வாசலிலேயே நின்றாள், எனக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தாள். எண்ணெய் காய்கிற வாடை வந்தது.

"எங்க அவ?"

"தெருவ மூணு தடவ சுத்திட்டு, எடம் இல்லன்னு திரும்பிட்டா."

"நீங்க அங்கனதானே நின்னிய?"

"கால் மரத்துப்போச்சுட்டி. கடைப் பக்கம் கொஞ்சம் நடந்தேன். அதுக்குள்ள ஒருத்தன் சொருகிட்டான்."

அவள் ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தாள். சாம்பல் நிறக் கார் நின்றுகொண்டிருந்தது. திரும்பி வந்து அடுப்பை அணைத்தாள். முப்பது வருடத்தில் என்னை அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"ஊரு சரியில்ல, நாடு சரியில்ல, எவனுக்கும் ஒண்ணும் தெரியலன்னு வாய் கிழியப் பேசுவிய. ஒரு காரு நிக்கிற எடம். அதப் புடிச்சு வைக்கத் துப்பில்ல. எம்புள்ள தாய் தகப்பனப் பாக்கணும்னு மூணு தடவ சுத்தியிருக்கா, பசியோட."

"ஆமா" என்றேன். "மூணு தடவ சுத்தியிருக்கா."